இத்தாலிக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

இத்தாலிப் பயணத்தில் எனக்கு வீணாகப் போன பணம் 449 யூரோ. நான் போனது 2025 ஜூனில். அப்போது ஒரு யூரோ 97 ரூபாய்க்குப் பக்கம் இருந்தது, ஆக 43,000 ரூபாய்க்கு மேல். அதில் ஒரு பகுதி பிற்பாடு திரும்பி வந்தது, அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். பணம் போனதைவிட எனக்கு ஆறாமல் இருந்தது வேறு விஷயம். அங்கே போய் வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கிளம்பும் முன் நான் பார்த்த காணொளிகளில் எல்லாரும் ஜெலாட்டோ சாப்பிடுகிறார்கள், எல்லாரும் பாலத்தின் மேல் நின்று சிரிக்கிறார்கள். எந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் திருச்சியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஊர்களை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. கூட வருவதாக இருந்த தோழிக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் தனியாகப் போனேன்.

விசாவிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் கோடை விடுமுறைச் சமயத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாஸ்போர்ட் என் கைக்கு வந்தபோது விமானம் ஏற இரண்டு வாரம்கூட இல்லை. ரோமில் இருக்கும் பழைய வட்டரங்கமான கொலோசியத்துக்கு அதிகாரபூர்வத் தளத்தில் டிக்கெட் 18 யூரோதான். முப்பது நாள் முன்னால் திறப்பார்கள், கோடையில் நல்ல நேரமெல்லாம் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். விசா வராமல் டிக்கெட் எடுக்கப் பயம், விசா வந்த பிறகு டிக்கெட் இல்லை. விசா இல்லாமல் இத்தாலிக்குள் நுழையக்கூடிய நாட்டுக்காரர்களுக்கு இந்த இக்கட்டு தெரியாது, அதனால் அவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இது இருக்காது. நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விசா வந்ததோ இல்லையோ, முப்பதாம் நாளே டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் போவது 18 யூரோ. அதைத் தவிர்க்கப் போய் எனக்கு எவ்வளவு போனது என்று பாருங்கள்.

அதிகாரபூர்வத் தளத்தில் கிடைக்காததால், வரிசையில் நிற்காமல் உள்ளே அழைத்துப்போவதாகச் சொன்ன ஒரு தனியார் தளத்தில் 59 யூரோ கட்டினேன். காலை பத்து மணிக்குக் கொலோசியம் மெட்ரோ வாசலில் மஞ்சள் கொடியோடு ஆள் நிற்பார் என்றார்கள். மஞ்சள் கொடி, பச்சைக் கொடி, குடை, குச்சியில் கட்டிய கைக்குட்டை என்று அந்த வாசலில் ஏகப்பட்டது நின்றது. எங்கள் ஆள் மட்டும் இல்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னையே உள்ளே போய்க்கொள்ளச் சொல்லி ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பினார்கள். வெயிலில் வரிசையில் நின்று வாசலுக்குப் போனால், அங்கிருந்த ஊழியர் குறியீட்டைப் பார்த்தார், என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டார். டிக்கெட்டில் இருந்தது யாரோ ஒரு ஆணின் பெயர். 2023 அக்டோபரிலிருந்து கொலோசியத்துக்குப் பெயர் போட்ட டிக்கெட்தான். பெயரும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் அனுப்ப மாட்டார்கள். பின்னால் நின்றவர்கள் நெருக்க, கம்பியைத் தாண்டி வெளியே வந்து நின்றபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டிக்கெட் திறந்த உடனே கணினி நிரல்களை வைத்து மொத்தமாக அள்ளிவிட்டு, மூன்று மடங்கு விலைக்கு விற்கிற வியாபாரம் பல வருடமாக நடந்திருக்கிறது. 2025 ஏப்ரலில், வியாபாரப் போட்டி நேர்மையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இத்தாலியின் போட்டி ஆணையம் இதற்காக, டிக்கெட் விற்பனையை நடத்திவந்த நிறுவனத்தையும் ஆறு சுற்றுலா நிறுவனங்களையும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அபராதத்தால் விற்பனை ஒரே நாளில் ஒழுங்காகிவிடவில்லை. அதனால் தனியார் தளத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், பணம் கட்டும்போதே உங்கள் முழுப் பெயரைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காவிட்டால் அந்த டிக்கெட் வேறு யார் பெயரிலோ ஏற்கெனவே இருக்கக்கூடும். நம் பெயர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. முதலெழுத்தோடு வாழ்கிற நாம் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டுவிடுவோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ரயில், அருங்காட்சியகம், விடுதி எதுவானாலும் பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள்.

கொலோசியத்துக்குள் போகாமலேதான் ரோமை விட்டு வந்தேன். அதே பகல் பக்கத்துத் தெருவில் இருக்கும் சான் கிளெமென்தே தேவாலயத்துக்குப் போனேன், வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடித்தான். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். படி இறங்கினால் அதன் அடியில் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் ரோமானியர் காலத்துக் கட்டடம், மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட அறை, தரைக்குக் கீழே எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம். கொலோசியத்தைச் சுற்றி இருந்த நெரிசலில் நூற்றில் ஒருவர்கூட அங்கே இல்லை. வகுப்பில் அடுக்கடுக்கான காலம் என்று வாயால் சொல்வதைக் காலால் நடந்து இறங்கிப் பார்த்தது அங்கேதான். திரெவி நீரூற்றில் 2024 கடைசியிலிருந்து ஒரே சமயத்தில் 400 பேரை மட்டும் அருகில் விடுகிறார்கள். விடிகாலையில் போனால் அந்த எண்ணிக்கையே இருக்காது. ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அபராதம், 2019-இலிருந்து இப்படி. பழைய ரோமானியக் கோவிலான பாந்தியனுக்கு 2023-இல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வந்தது. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள்: தெருவுக்குத் தெரு வளைந்த மூக்கோடு ஒரு இரும்புக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், ஊர் முழுக்க 2,500-க்கு மேல், நல்ல குளிர்ந்த தண்ணீர்.

அப்புறம் புளோரன்ஸ். பெரிய அடி விழுந்தது அங்கேதான். சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் சின்ன வீடு ஒன்றை இணையத்தில் பிடித்து, தங்கும் நாட்களுக்கெல்லாம் சேர்த்து 390 யூரோவை முன்பணமாகக் கட்டியிருந்தேன். மதிப்பெண் நன்றாக இருந்தது, படங்கள் நன்றாக இருந்தன, விசாவுக்கும் அந்தப் பதிவுச் சீட்டைத்தான் காட்டினேன். வாசலுக்கு எதிரே ஜன்னல் கம்பியில் ஒரு சாவிப் பெட்டி தொங்கும், எண்களைத் திருப்பினால் திறக்கும் என்று வீட்டுக்காரர் எழுதியிருந்தார். சாயங்காலம் ஏழு மணிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் ஜன்னல் கம்பி இருக்கிறது, சாவிப் பெட்டி இல்லை. புளோரன்ஸ் நகராட்சி அந்த வருடத் தொடக்கத்தில்தான் பழைய நகரத்தில் தெருவோரச் சாவிப் பெட்டிகளுக்குத் தடை போட்டிருந்தது. செய்தி அனுப்பினேன். அரை மணி கழித்துப் பதில்: இந்த வீடு இப்போது கிடையாது, ஊருக்கு வெளியே இன்னொரு வீடு இருக்கிறது, பேருந்தில் நாற்பது நிமிடம், அங்கே போய்க்கொள்ளுங்கள். பெயர் தெரியாத ஒரு குடியிருப்பின் முகவரி. இருட்டப் போகிற நேரத்தில் தனியாக ஒரு பெண், மொழி தெரியாமல் அங்கே போவதா? முடியாது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அதோடு பதில் நின்றுபோனது.

திருச்சியில் அப்போது மணி பதினொன்று தாண்டியிருக்கும். தங்கையைக் கூப்பிட்டேன். "அக்கா, பணம் போனா போகட்டும், நீ முதல்ல ஒரு ரூம் பிடி, மத்ததெல்லாம் காலையில பாத்துக்கலாம்" என்றாள். சொல்லும்போது அவள் குரலும் உடைந்துதான் இருந்தது. இரவு எட்டு மணிக்கு அந்தப் பகுதியில் தேடினால் எல்லாம் நிரம்பியிருக்கிறது, இல்லாவிட்டால் 300 யூரோ, 400 யூரோ. கைப்பேசியில் மின்சாரம் கடைசிப் புள்ளியில் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கட்டடத்தின் அழைப்புமணிப் பலகையைச் சரியாகப் பார்த்தேன். பித்தளைப் பலகை, பத்துப் பொத்தான். எட்டுப் பொத்தானுக்குப் பக்கத்தில் வெறும் எண், அல்லது அழகாக அச்சடித்த ஆங்கில விடுதிப் பெயர். இரண்டில் மட்டும் கையால் எழுதிய குடும்பப் பெயர், மசி வெளுத்திருந்தது. அதில் ஒன்றை அழுத்தினேன். ஒரு பாட்டி இறங்கி வந்தார், எண்பது வயதுக்கு மேல் இருக்கும். என் பெட்டியையும் முகத்தையும் பார்த்ததும் அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே கூட்டிப்போய் நாற்காலியைப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, என் மின்னூட்டியைத் தானே வாங்கிச் செருகினார். கைப்பேசியில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசினோம். சிஞ்ஞோரா (நாம் அம்மா என்பது போல), மன்னியுங்கள், தொந்தரவு கொடுக்கிறேன் என்றேன். இப்படி அந்த வாசலில் வந்து நின்ற முதல் ஆள் நானில்லையாம். அந்தக் கட்டடத்தில் இப்போது குடியிருப்பது அவரும், எதிர் வீட்டில் அவர் வயதுடைய இன்னொருவரும்தான். மற்ற வீடுகளில் வாரத்துக்கு இரண்டு தடவை ஆள் மாறுகிறார்கள். விடிகாலை நாலு மணிக்குப் படியில் பெட்டிகள் இடித்துக்கொண்டு இறங்கும். கீழே இருந்த கறிக்கடை போய்விட்டது, செருப்புத் தைப்பவர் போய்விட்டார், ஒரு ஆணி வாங்கப் பேருந்து ஏற வேண்டும். அவர் மகள் அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு தேடிக் கிடைக்காமல் வேறு ஊருக்குப் போய்விட்டாள். மாத வாடகைக்குக் குடும்பத்துக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு என்னைப் போன்ற பயணிகளுக்கு விட்டால் பல மடங்கு வருமே.

கோபமாகச் சொல்லவில்லை அவர். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் என்னமோ செய்தது. என்னை ஏமாற்றிய அதே வியாபாரம்தான் அவரையும் தனியாக விட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் புளோரன்ஸ் நகராட்சி, பழைய நகரத்துக்குள் புதிதாகக் குறுகிய கால வாடகை வீடுகள் தொடங்கத் தடை போட்டது. ஏற்கெனவே இருப்பவை தொடர்கின்றன. எங்கள் பக்கத்துக் கோவில் வீதிகளிலும் வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜாக மாறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே போய் அதன் முடிவு எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

அன்றிரவு ரயில் நிலையத்துக்குப் பின்னால் 185 யூரோவுக்கு ஒரு அறை. மறுநாளுக்குப் பாட்டி ஒரு துண்டுக் காகிதத்தில் முகவரி எழுதிக் கொடுத்திருந்தார்: கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு விடுதி. தனியாகப் போகும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல செய்தி இதுதான். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றிலும் ஊருக்கு நடுவிலேயே மடங்களோடு சேர்ந்த விடுதிகள் இருக்கின்றன. எந்த மதத்தவரும் தங்கலாம். இரவு பத்தரை, பதினொன்றுக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அறையில் தொலைக்காட்சி இருக்காது. சுத்தமும் பாதுகாப்பும் இருக்கும். எனக்கு ஓர் இரவு 65 யூரோ ஆனது. பெரிய பதிவுத் தளங்களில் பல மடங்கள் இருப்பதில்லை, நேராக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டும்.

வாடகை வீடுதான் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 2025 ஜனவரி முதல் இத்தாலியில் நாள் வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசியப் பதிவு எண் இருக்க வேண்டும், சி.ஐ.என். என்பார்கள், ஐ.டி. என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். விளம்பரத்திலும் இருக்க வேண்டும், கட்டடத்தின் வெளியிலும் மாட்டியிருக்க வேண்டும். எண் இல்லாமல் விட்டால் 800 முதல் 8,000 யூரோ வரை அபராதம். பணம் கட்டும் முன் எண்ணைக் கேளுங்கள், நழுவினால் விட்டுவிடுங்கள். நேரில் வந்து சாவி கொடுப்பார்களா, வருகிற ஆளின் தொலைபேசி எண் என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி வாடகை தவிர ஓர் இரவுக்கு ஆளுக்குச் சில யூரோ ஊர்வரி உண்டு, அது ஏமாற்று இல்லை, சில இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். கார் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொன்று: பழைய நகரங்களின் நடுப்பகுதிக்கு வெளியார் வண்டி போகக் கூடாது, கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து நம் வீட்டுக்கே வரும், வாடகைக் கார் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். ரயிலில் போய்விடுங்கள்.

உஃபிசி அருங்காட்சியகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. 25 யூரோ, முன்பதிவுக்கு 4 யூரோ, திங்கட்கிழமை விடுமுறை. போத்திசெல்லி வரைந்த வீனஸ் ஓவியத்தின் முன்னால் நின்ற நேரமெல்லாம் உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளுக்கு நடுவில்தான் பார்த்தேன். திறக்கும் நேரமான எட்டேகாலுக்கே போய், மற்ற அறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக அந்த அறைக்கு நடந்தால் ஓரளவு கிடைக்கும்.

வெனிஸுக்கு நான் முதலில் போட்டிருந்த திட்டம் பகலில் போய் இரவுக்குள் திரும்பி வருவது. புளோரன்ஸ் பாட்டி வீட்டுக்குப் பிறகு அதை மாற்றினேன். கன்னாரெஜியோ பகுதியில் இன்னொரு மடத்து விடுதியில் இடம் பிடித்து, தீவிலேயே இரவு தங்கினேன். இதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். வெனிஸுக்குப் பகல் மட்டும் போகாதீர்கள். ஒன்று தங்குங்கள், இல்லாவிட்டால் இந்த முறை விட்டுவிடுங்கள்.

பகலில் வந்து போகிறவர்களுக்கு 2024 ஏப்ரல் 25 முதல் நுழைவுக் கட்டணம் இருக்கிறது. முதல் வருடம் 29 நாட்களுக்கு 5 யூரோ. 2025-இல் 54 நாட்கள், முன்கூட்டிப் பதிந்தால் 5, கடைசி நாட்களில் பதிந்தால் 10. காலை எட்டரையிலிருந்து மாலை நாலு வரை உள்ளே வருபவர்களுக்கு. பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. ஊரில் இரவு தங்குபவர்களுக்குக் கட்டணம் இல்லை, ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேவில் தங்கினாலும் இல்லை. ஆனால் கட்டணம் இல்லை என்பதற்கே இணையத்தில் பதிந்து ஒரு குறியீடு வாங்கி வைத்திருக்க வேண்டும். இதை விடுதிக்காரர்கள் எல்லாரும் சொல்வதில்லை. சாந்தா லூசியா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அடையாள மேற்சட்டை போட்ட ஊழியர்கள் நின்று கேட்கிறார்கள். குறியீடு இல்லாவிட்டால் அபராதம் 50 முதல் 300 யூரோ வரை.

நான் போய் இறங்கியது சனிக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறக்கும் அன்று கூட்டத்தில் நின்று பழகியவள் நான், கூட்டம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே ஓடுகிற வாழ்க்கை ஒன்று கூட்டத்துக்கு நடுவில் இருக்கும்: பூக்கட்டுகிறவர், பால்காரர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவர். ரியால்டோ பாலத்திலிருந்து சான் மார்கோ சதுக்கத்துக்குப் போகும் சந்துகளில் அந்த மாதிரி யாரும் கண்ணில் படவில்லை. முகமூடிக் கடை, கண்ணாடி மணிக் கடை, பீட்சாத் துண்டுக் கடை, மறுபடி முகமூடிக் கடை. குழுவுக்கு 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுத்தடுத்து வந்தால் சந்துக்கு என்ன வித்தியாசம்? பெரிய பயணக் கப்பல்கள் சான் மார்கோ முன்னால் போவதை 2021 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், அது நல்ல காரியம். ஐந்து யூரோ கட்டணத்தைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வருடம் அதில் ஏறக்குறைய 24 லட்சம் யூரோ வசூலாகியிருக்கிறது. எத்தனை பேர் வரலாம் என்பதற்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. பணம் கட்டினால் எல்லாரும் வரலாம் என்றால் கூட்டம் எப்படிக் குறையும்?

ரியால்டோ பக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில், இந்தப் பழைய நகரத்தில் இன்றைக்கு எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சிவப்பு எண்களில் ஓடும் ஒரு பலகை இருக்கிறது. 2008-இலிருந்து இருக்கிறதாம். நான் பார்த்தபோது 48 ஆயிரத்துச் சொச்சம். 1951-இல் அது ஏறக்குறைய 1,75,000. சுற்றுலாப் படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது என்று 2023-இல் உள்ளூர்க் குடிமக்கள் குழு ஒன்று கணக்குக் காட்டியது. அந்தப் பலகை முன்னால் பலர் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் ரயில்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போனதும் ஊர் மாறுகிறது. கன்னாரெஜியோவில் பழைய யூதர் குடியிருப்புச் சதுக்கத்தில் பையன்கள் கிணற்று மேடையைக் கோல் கம்பமாக வைத்துப் பந்து உதைத்தார்கள். 1516-இல் யூதர்களை ஒதுக்கி வைத்த இடம் அது. வெளியே விரிய இடமில்லாமல் மாடி மேல் மாடி வைத்துக் கட்டிய ஒல்லியான உயர வீடுகள் இன்னும் நிற்கின்றன. மறுநாள் காலை ஏழு மணிக்கு மதொன்னா தெல்லோர்த்தோ தேவாலயத்தின் பக்கம் நடந்தேன். காய்கறி ஏற்றிய படகு ஒன்று, குப்பை வண்டிக்குப் பதில் குப்பைப் படகு ஒன்று. ஓவியர் தின்தொரெத்தோ வாழ்ந்ததும் அடக்கமானதும் அந்தப் பகுதியில்தான். அவர் வரைந்த பெரிய ஓவியங்கள் அந்தத் தேவாலயத்தில் இருக்கின்றன. திறந்ததும் உள்ளே போனேன், ஆளே இல்லை. பயணத்துக்குச் செலவழித்த பணம் எல்லாம் அந்தக் காலைக்குச் சரியாகப்போயிற்று என்றே நினைக்கிறேன்.

செலவு விஷயமாகச் சில. நீர்ப்பேருந்தில் ஒரு தடவை ஏற 9.50 யூரோ, ஒரு நாள் சீட்டு 25 யூரோ, அதனால் மூன்று தடவை ஏறுவதாக இருந்தால் நாள் சீட்டு எடுங்கள், இல்லாவிட்டால் நடங்கள். கொண்டோலாவுக்கு நகராட்சி நிர்ணயித்த விலை பகலில் அரை மணிக்கு 90 யூரோ, அது படகுக்கு, ஆளுக்கு இல்லை. பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க மட்டும் உள்ளூர்க்காரர்கள் ஏறும் படகு 2 யூரோ. பாலங்கள் நானூறுக்கு மேல், பெரும்பாலும் படிக்கட்டு, ஆகவே நீங்களே தூக்கக்கூடிய பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள். சாப்பாட்டில் கவனம் வேண்டியது மீன். பட்டியலில் 9 யூரோ என்று போட்டுப் பக்கத்தில் சின்னதாக எத்தோ என்று எழுதியிருந்தால் அது நூறு கிராமின் விலை. எனக்குப் பக்கத்து மேசையில் ஐதராபாத் தம்பதி ஒரு முழு மீனைச் சொல்லிவிட்டுப் பில்லைப் பார்த்து வெலவெலத்துப் போனார்கள். எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று சமைக்கும் முன்னால் கேளுங்கள். பில்லில் தகராறு என்றால் 117, நிதிக் காவல் படையின் எண். அந்த எண்ணை உரக்கச் சொன்னாலே சில கடைகளில் கணக்குச் சரியாகிவிடும் என்று மடத்துச் சகோதரி சொன்னார்.

வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் பதுவா. நம் ஊரில் பதுவை அந்தோனியார் என்று செவ்வாய்க்கிழமை தோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, அந்தப் பதுவை. ஜூன் 13 அவர் திருநாள், அதற்கான பதின்மூன்று நாள் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. கல்லறைப் பளிங்கில் கையை வைத்துக்கொண்டு வரிசையாக நகர்ந்தவர்களில் ஒரு கேரளக் குடும்பமும் இருந்தது. அங்கேயும் கூட்டம்தான், ஆனால் அவர்கள் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை.

அதே ஊரில்தான் ஸ்கிரோவேஞ்ஜி சிற்றாலயம், 1305 வாக்கில் ஓவியர் ஜொத்தோ வரைந்து முடித்த சுவரோவியங்கள். முன்பதிவு இல்லாமல் போக முடியாது. சின்னக் குழுவாகத்தான் விடுவார்கள். முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைத்து, நம்மோடு வரும் ஈரத்தையும் தூசியையும் அடங்கவிட்டு, பிறகு உள்ளே கால் மணி நேரம். மனிதர்களின் மூச்சே அந்த ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. கால் மணி நேரம் குறைவுதான். ஆனால் அந்தக் கால் மணியில் என் தலைக்கு மேல் அந்த நீலக் கூரையும் நட்சத்திரங்களும் முழுதாக எனக்குக் கிடைத்தன. எவ்வளவு பேர் வரலாம் என்று ஒரு எல்லை வைத்தால் ஓவியமும் பிழைக்கிறது, பார்க்க வந்தவளுக்கும் ஏதோ கிடைக்கிறது. வெனிஸ் இதைச் செய்யத் தயங்குவதற்குக் காரணம் வருமானம் என்றே நினைக்கிறேன். அந்த வருமானத்தை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன என்பதும் உண்மை.

பணம் திரும்பி வந்த கதை. வீட்டை முன்பதிவு செய்த தளம் முதலில் கையை விரித்தது: வீட்டுக்காரர் மாற்று வீடு கொடுத்தார், நீங்கள்தான் மறுத்தீர்கள் என்றார்கள். அன்று வாசலில் நின்றபோது எடுத்த படங்கள், சாவிப் பெட்டி இல்லாத ஜன்னல் கம்பி, நேரத்தோடு கூடிய செய்திகள் எல்லாவற்றையும் அனுப்பினேன். விளம்பரத்தில் பதிவு எண் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினேன். பல வாரம் இழுத்து 195 யூரோ கொடுத்தார்கள். மீதிக்கும் கொலோசியம் பணத்துக்கும் கடனட்டை கொடுத்த வங்கியில் முறையீடு போட்டிருக்கிறேன். அதற்குக் கால வரம்பு உண்டு, ஊர் திரும்பிய வாரமே போட்டுவிடுங்கள். பணத்தை நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் வீட்டுக்காரருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள், அட்டையில் கட்டினால்தான் இந்த முறையீடு செல்லும்.

தங்கை அடுத்த நவம்பரில் போவதாக இருக்கிறாள். அந்த மாதத்தில் வெனிஸுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, கடல் நீர் ஏறும் நாட்கள் இருக்கலாம், ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நான் போட்டுக் கொடுத்திருக்கும் திட்டத்தில் இரண்டே ஊர்: வெனிஸ், பதுவா. இரண்டிலும் மடத்து விடுதிக்கு மின்னஞ்சல் போய்விட்டது, பதுவாவிலிருந்து பதில் வந்துவிட்டது.